கேளுங்க டீச்சர்: கவுன்சிலிங் ரூமுக்கு தானா வர்ற பிள்ளைங்க எத்தனை பேர்?

ஜூன்ல ஸ்கூல் திறந்ததுல இருந்து வந்த கடிதாசி, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஸ்கூல்ல கவுன்சிலிங், கைடன்ஸ். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம்னு கேரளால பாலக்காடு மாவட்டத்துல, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கற நம்ம சித்தூர் தாலுக்கா பக்கம்தான் அதிகம், மூணாறு பக்கம் இருந்தும் வந்திருக்கு. ஒரே மாதிரி கேட்டதை ஒண்ணா சேர்த்துட்டேன், பேரை எல்லாம் எடுத்தாச்சு.

கேள்வி: வணக்கம் டீச்சர். எங்க ஹைஸ்கூல்ல தமிழ் மீடியம், மலையாள மீடியம் ரெண்டும் இருக்குங்க. கவுன்சிலிங் ரூம் போடறதுக்குனு பி.டி.ஏ.ல (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்காங்க, ஹெச்.எம். என்னை பொறுப்பா போட்டுட்டார். சோபா, கர்ட்டன், சுவத்துல பொன்மொழினு ஒரு லிஸ்ட்டும் குடுத்திருக்கார். என்ன வாங்கினா நல்லது?
(ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை)

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. அந்த பணத்துல முதல்ல பேப்பர் வாங்குங்க, ஒரு கட்டு வெள்ளை பேப்பர், அவ்ளோதான். 8, 9, 10 மூணு கிளாஸுக்கும் ஒரு பீரியட் எடுத்துட்டு பேர் எழுதாம மூணே மூணு விஷயம் எழுதித் தரச் சொல்லுங்க: இப்ப உன்னை ரொம்ப தொந்தரவு பண்றது என்ன, அதை யார்கிட்ட சொல்லியிருக்க, இந்த ஸ்கூல்ல யார்கிட்ட சொல்லலாம்னு உனக்கு தோணுது. தமிழ் மீடியம் பிள்ளைங்க தமிழ்லயே எழுதட்டும், மலையாளத்துல எழுதறவங்க மலையாளத்துல. கையெழுத்தை வெச்சு யார்னு கண்டுபிடிக்கற வேலை மட்டும் வேண்டாம், ஸ்டாஃப் ரூம்ல வாய் விட்டு படிச்சுக் காட்டவே கூடாது (இது நடக்கும், அதான் சொல்றேன்). உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துங்கற மாதிரி ஒரு சீட்டு வந்தா அதை அடுக்கி வெச்சுட்டு போகாம அன்னைக்கே அந்த கிளாஸ்ல போய் "யார்னு கேக்கல, இந்த மாதிரி இருந்தா இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள என்கிட்ட வாங்க, நான் இங்கதான் இருப்பேன்"னு எல்லாருக்கும் பொதுவா சொல்லிட்டு நிஜமாவே அங்க இருங்க.

அந்த சீட்டுகளை பிரிச்சு அடுக்கினாலே உங்க ஸ்கூலுக்கு என்ன புரோகிராம் வேணும்னு தெரிஞ்சுரும். வீட்ல குடி, சண்டைனு ஒரு அடுக்கு, போன், லவ்வுனு ஒண்ணு, கணக்கு பரீட்சை பயம் ஒண்ணு. நம்ம எல்லைப் பக்கத்துல இன்னொண்ணு கட்டாயம் இருக்கும், "பத்தாவது முடிச்சா அடுத்து எங்க போறதுனே தெரியல"ங்கறது. இதை மனசு கோளாறுனு சொல்லி மூச்சுப் பயிற்சி குடுத்து அனுப்பிட்டா பிள்ளை அடுத்த தடவை வரவே வராது, ஏன்னா அதுக்கு வேணுங்கறது தகவல். நம்ம பக்கத்துல அழுதுட்டு வர்ற பிள்ளைகள்ல நிறைய பேருக்கு பிரச்சினை பேப்பர்ல இருக்கு: சாதி சான்றிதழ், நேட்டிவிட்டி (பூர்வீகச் சான்று), எந்த போர்டு, எந்த மீடியம். அதை சரி பண்ணிக் குடுத்த டீச்சர்கிட்டதான் அப்பறமா வீட்டு விஷயத்தையும் சொல்லும். அதனால கைடன்ஸ் தனி, கவுன்சிலிங் தனினு ரெண்டு ஆளுக்கு பிரிச்சு குடுத்து ரெண்டு ஃபைல் போடாதீங்க.

ஆள் விஷயத்துக்கு வர்றேன். 2025 ஜூலை 25-ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, விசாகப்பட்டினத்துல நீட் கோச்சிங் படிச்சுட்டிருந்த ஒரு பொண்ணோட சாவு சம்பந்தமான கேஸ் அது. 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கற இடத்துல முறையா பயிற்சி எடுத்த கவுன்சிலர் ஒருத்தராவது இருக்கணும், அதுக்கு கம்மியா இருந்தா வெளில இருக்கற நிபுணர்களோட ஏற்பாடு வெச்சிருக்கணும்னு அதுல வழிகாட்டுதல் இருக்கு. பி.டி.ஏ. மீட்டிங்ல இதை எடுத்து வைங்க. 100 பேருக்கு மேல 1,000 பேர் இருந்தாலும் ஒருத்தர் போதும்னு அர்த்தம் பண்ணிக்கறவங்களும் இருக்காங்க, அமெரிக்கால ஸ்கூல் கவுன்சிலர்கள் சங்கம் சொல்ற கணக்கு 250 பிள்ளைகளுக்கு ஒருத்தர், நம்ம ஊர்ல அது கனவுதான், ஆனா கணக்கு எங்க நிக்குதுனு தெரிஞ்சிருக்கணும்ல. கேரளால ஸ்கூலுக்கு வர்ற சைக்கோ சோஷியல் கவுன்சிலர்கள் பெண்கள், குழந்தைகள் நலத் துறை மூலமாத்தான் வர்றாங்க, அதனால தமிழ் தெரிஞ்சவங்க வேணும்னு எழுதிக் கேக்கணும்னா கல்வி ஆபீஸுக்கு மட்டும் எழுதிட்டு உக்காந்துராம அந்த துறைக்கும் எழுதுங்க. சும்மா கேக்கறதுனு நினைக்காதீங்க. நம்ம பிள்ளைங்க கடைல பேசற அளவுக்கு மலையாளம் பேசும், ஆனா அப்பா நேத்து ராத்திரி என்ன பண்ணார்னு மலையாளத்துல சொல்லச் சொன்னா "ஒண்ணுமில்ல டீச்சர்"னு எழுந்து போயிரும்.

வந்த கவுன்சிலரை வராத வாத்தியாருக்கு பதிலா கிளாஸுக்கு அனுப்பறது, பரீட்சை ஹால் பாக்க விடறது, ஆண்டு விழாவுக்கு டான்ஸ் சொல்லித் தரச் சொல்றது, இதுக்கெல்லாம் நீங்கதான் குறுக்க நிக்கணும். அதுக்கு பதிலா டைம்டேபிள்லயே அவங்களுக்கு ஒரு பீரியட் போடுங்க, மாசத்துக்கு ஒரு தடவையாவது எல்லா கிளாஸ், செக்ஷனுக்கும் போயி வரட்டும், கோபம் வந்தா என்ன பண்றது, போன்ல யாராவது போட்டோ கேட்டா என்ன பண்றதுனு பொதுவா பேசட்டும். எல்லா பிள்ளைக்கும் முகம் தெரிஞ்ச ஆள்கிட்டதான் ஒரு பிள்ளை தனியா போகும். இல்லேன்னா "அது மெண்டல் பசங்க போற ரூம்"னு ஒரே மாசத்துல பேர் விழுந்துரும், அப்பறம் எந்த சோபா போட்டாலும் வேலைக்கு ஆகாது.

கேள்வி: கவுன்சிலிங் ரூமுக்கு வாஸ்து பாக்கணுமா? கமிட்டில ஒருத்தர் வடகிழக்குதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கறார்.
(பி.டி.ஏ. உறுப்பினர், வேலந்தாவளம்)

பதில்: வடகிழக்கோ தென்மேற்கோ, ஹெச்.எம். ரூமுக்கு எதிர்ல மட்டும் வேண்டாம். ஸ்டாஃப் ரூமுக்கு ஒட்டியும் வேண்டாம், உள்ள போற பிள்ளையை பத்து பேர் பாத்துட்டு இருக்கற இடம் எதுவும் வேண்டாம். லைப்ரரிக்கு பக்கத்துல கிடைச்சா ரொம்ப நல்லது, லைப்ரரிக்கு போற மாதிரியே போயிரலாம். கதவுல சின்னதா ஒரு கண்ணாடி வைங்க, உள்ள ரெண்டு பேர் உக்காந்திருக்கறது தெரியணும், பேசறது வெளில கேக்கக் கூடாது. கண்ணாடி எதுக்குன்னா பிள்ளைக்கும் பாதுகாப்பு, கவுன்சிலருக்கும் பாதுகாப்பு. நோட்டு வெக்க பூட்டு போட்ட அலமாரி ஒண்ணு, சாவி கவுன்சிலர்கிட்ட.

கேள்வி: டீச்சர், என் பையன் தமிழ் மீடியத்துல பத்தாவது படிக்கறான். பிளஸ் ஒன்னுக்கு பொள்ளாச்சில சேத்துடு, அங்கதான் தமிழ்ல படிக்கலாம், மெடிக்கல்ல 7.5 சதவீதம் இருக்கு, மாசம் 1,000 ரூபா தர்றாங்கனு எங்க அண்ணன் சொல்றாங்க. பையன் என்ன கேட்டாலும் உம்முனு இருக்கான். ஸ்கூல்ல கவுன்சிலிங்குக்கு கூட்டிட்டு போகட்டுமா?
(ஒரு அம்மா, மீனாட்சிபுரம்)

பதில்: பையன் உம்முனு இருக்கறதுக்கு காரணம் உங்க அண்ணன் சொன்னதுலயே இருக்கலாம் அம்மா, அவனைப் பத்தி எல்லாரும் முடிவு பண்றாங்க, அவனை யாரும் கேக்கல. ஆனா முதல்ல உங்க அண்ணன் சொன்னதுல எது சரி எது தப்புனு பாத்துருவோம்.

தமிழ்நாட்டுல மருத்துவத்துக்கு இருக்கற 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 6-ல இருந்து 12 வரைக்கும் அங்க அரசு பள்ளில படிச்சவங்களுக்கு. பிளஸ் ஒன்னுக்கு மட்டும் போயி சேந்தா கிடைக்காது. மாசம் 1,000 ரூபா, அதாவது பொண்ணுங்களுக்கு 2022-ல வந்த புதுமைப்பெண், பசங்களுக்கு 2024-ல வந்த தமிழ்ப் புதல்வன், அதுவும் 6-ல இருந்து அங்க படிச்சிருக்கணும்ங்கற கணக்குதான். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு (இது சீட்டு குடுக்கற கவுன்சிலிங், வேற) தமிழ்நாட்டை பூர்வீகமா கொண்டவங்க வெளி மாநிலத்துல படிச்சிருந்தா நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேணும், பூர்வீகம் இல்லாதவங்க 8-ல இருந்து 12 வரை அங்க படிச்சிருந்தா ஓப்பன் கேட்டகிரில போடலாம். உங்க வீட்டுக்காரரோட குடும்பம் எந்தப் பக்கம், எத்தனை தலைமுறையா இங்க இருக்கீங்கங்கறதை வெச்சு இது மொத்தமா மாறிரும். சாதி சான்றிதழும் அப்படித்தான், கேரளா ஆபீஸ்ல குடுத்ததை வெச்சு அங்க இடஒதுக்கீடு கேக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பு வரும், அதை உக்காந்து படிச்சுட்டு முடிவு பண்ணுங்க, டீக்கடைல கேட்டதை வெச்சு பண்ணாதீங்க.

இந்தப் பக்கமே இருந்தா பிளஸ் ஒன்னுக்கு ஏகஜாலகத்துல (கேரளாவோட ஒற்றைச் சாளர அட்மிஷன்) போட்டு அலாட்மென்ட் வரும், சொந்த பஞ்சாயத்து, சொந்த தாலுக்கா ஸ்கூலுக்கு போனஸ் பாயின்ட் உண்டு. இன்ஜினியரிங்னா இங்க கீம் என்ட்ரன்ஸ் எழுதணும், தமிழ்நாட்டுல என்ட்ரன்ஸ் கிடையாது, கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க்கை 200க்கு கட்ஆஃப் போட்டு எடுக்கறாங்க. ரெண்டும் ரெண்டு விதமான படிப்பு, என்ட்ரன்ஸுக்கு தயாராகற பையன் வேற மாதிரி படிக்கணும். நீட் தமிழ்ல எழுதணும்னு நினைச்சா சென்டரை தமிழ்நாட்டுல எடுக்கணும், பாலக்காட்டுல சென்டர் போட்டுட்டு தமிழ் கேள்வித்தாள் கேட்டா கிடைக்காது. சரி, மெடிக்கல், இன்ஜினியரிங் தவிர உலகமே இல்லையா? மலம்புழால அரசு ஐ.டி.ஐ. இருக்கு, பாலக்காட்டுல அரசு பாலிடெக்னிக் இருக்கு, பொள்ளாச்சில நாச்சிமுத்து பாலிடெக்னிக் 1957-ல இருந்து இருக்கு, சித்தூர் அரசு கல்லூரில தமிழ் இலக்கியமே படிக்கலாம். இதுல எதையாவது உங்க பையன் நேர்ல பாத்திருக்கானா?

ஸ்கூல் செய்ய வேண்டிய கைடன்ஸ் இதுதான். மே மாசம் மைக் புடிச்சு "கனவு காணுங்கள்"னு ஒருத்தர் ரெண்டு மணி நேரம் பேசிட்டு போறதை கைடன்ஸ்னு நான் ஒத்துக்க மாட்டேன், அன்னைக்கு பிள்ளைங்க கை தட்டும், அடுத்த நாள் எந்த ஃபாரம் வாங்கறதுனு தெரியாம நிக்கும். 8-லயே ஆரம்பிக்கணும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், அதுல பூர்வீகம் எது, எந்த சான்றிதழ் கைல இருக்கு, எது இன்னும் வாங்கல, என்ன பாடம் பிடிக்குது, என்ன வேலை பண்ணா சந்தோஷமா இருக்கானு எழுதி வருஷா வருஷம் திருத்தணும். பழைய மாணவர்கள்ல நர்ஸா இருக்கறவங்க, லேத் ஓட்டறவங்க, பேங்க்ல இருக்கறவங்கனு கூப்பிட்டு உக்கார வெச்சு "நீங்க பத்தாவது முடிச்சப்ப என்ன பண்ணீங்க, எவ்ளோ செலவாச்சு, மொதல் சம்பளம் எவ்ளோ"னு பிள்ளைங்களையே கேக்க விடணும். உங்க பையனை கவுன்சிலர்கிட்ட தாராளமா கூட்டிட்டு போங்க, ஆனா அவன்கிட்ட கேட்டுட்டு, அவன் உள்ள போனப்பறம் நீங்க வெளில உக்காருங்க.

கேள்வி: நான் ஒன்பதாவது படிக்கறேன். எங்க ஸ்கூல் கவுன்சிலர் மேடம் நல்லாத்தான் பேசறாங்க. ஆனா நான் சொல்றதை எங்க அம்மாகிட்ட சொல்லிருவாங்களோனு பயமா இருக்கு.
(பேர் வேண்டாம்)

பதில்: கண்ணு, உள்ள போனதுமே நேராவே கேளு, "மேடம், நான் சொல்றதுல எதை நீங்க வெளில சொல்லுவீங்க, எதை சொல்ல மாட்டீங்க?" நல்ல கவுன்சிலர்னா இதுக்கு கோவப்பட மாட்டாங்க, சொல்லப்போனா நீ கேக்கறதுக்கு முன்னாடி அவங்களே சொல்லணும். யாரைப் பிடிக்கும், வீட்ல என்ன சண்டை, யார் மேல கோவம், பரீட்சைல ஏன் மார்க் குறைஞ்சுதுங்கறதெல்லாம் அந்த ரூமுக்குள்ளயே இருக்கணும். உன் உயிருக்கு ஆபத்துனு தெரிஞ்சா, நீ இன்னொருத்தருக்கு ஆபத்து பண்ணிருவேன்னு தெரிஞ்சா, இல்ல யாராவது உன்னை தப்பா தொட்டாங்க, தொந்தரவு பண்றாங்கன்னு தெரிஞ்சா, அவங்க தன்கிட்டயே வெச்சுக்க முடியாது. கடைசியா சொன்னதுக்கு சட்டமே இருக்கு, 2012 போக்சோ சட்டப்படி 18 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு அப்படி நடந்தது தெரிஞ்சும் போலீஸ்ல சொல்லாம இருந்தா அதுவே குற்றம். அப்பவும் உன்கிட்ட சொல்லாம போக மாட்டாங்க, யார்கிட்ட எப்படி சொல்லப் போறோம்னு உன்னையும் சேத்துக்கிட்டுதான் பேசணும், தொந்தரவு பண்றவங்க வீட்டுக்குள்ளயே இருந்தா அந்த ஆள்கிட்ட போய் சொல்லவும் கூடாது.

முதல்லயே பெரிய விஷயத்தை சொல்லணும்னு இல்ல. ஒரு சின்ன விஷயத்தை சொல்லிப் பாரு, அது வீடு வந்து சேருதானு கவனி. ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்ல முடியலேன்னா 1098 குழந்தைகளுக்கான நம்பர், காசு கிடையாது. மனசு ரொம்ப கஷ்டமா இருந்தா 14416, டெலி மானஸ், ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்பிட்டாலும் எடுப்பாங்க, தமிழ்ல பேசணும்னு சொல்லு. கேரள அரசோட சுகாதார உதவி எண் திசா, 1056-ம் இருக்கு.

(இந்த பதிலை படிக்கற டீச்சர்களுக்கு: மேல சொன்னதை ஒரு சார்ட்ல எழுதி அந்த ரூம் கதவுலயே ஒட்டிருங்க, பொன்மொழிக்கு பதிலா.)

கேள்வி: எங்க ஸ்கூல்ல கவுன்சிலர் வந்து ஒரு வருஷம் ஆச்சு. என் கிளாஸ்ல இருந்து அடங்காத பசங்களை எல்லாம் அனுப்பினேன். ஒரு மாற்றமும் இல்ல. என்ன நடந்துச்சுனு கேட்டா "ரகசியம் சார்"ங்கறாங்க. இது அரசு பணத்துக்கு பிடிச்ச கேடுதானே?
(ஒரு ஆசிரியர், சித்தூர் தாலுக்கா)

பதில்: சார், "அடங்காத பசங்களை எல்லாம்"ங்கற வார்த்தைலயே பாதி பதில் இருக்கு. "ஒழுங்கா இரு, இல்லேன்னா கவுன்சிலிங்குக்கு அனுப்பிருவேன்"னு கிளாஸ்ல சொல்லியிருந்தீங்கன்னா அந்த ரூம் ஹெச்.எம். ரூமோட பிராஞ்ச் ஆயிருச்சு. அங்க போன பையன் வாயத் திறக்க மாட்டான், திறக்கவும் கூடாது.

அனுப்பற சீட்டுல என்ன எழுதினீங்கனு பாருங்க. "திமிர், படிப்பில் அக்கறை இல்லை"னு எழுதினா கவுன்சிலர் அதை வெச்சு என்ன பண்ணுவாங்க? "ரெண்டு வாரமா திங்கக்கிழமை மட்டும் வர்றதில்ல. மத்தியானம் டிபன் பாக்ஸ் திறக்கறதில்ல. முன்னாடி சாயங்காலம் பந்து விளையாடுவான், இப்ப பெல் அடிச்சதும் ஓடிர்றான், தங்கச்சியை அங்கன்வாடில இருந்து கூட்டிட்டு போறானாம்"னு எழுதுங்க. கண்ணுல பட்டதை மட்டும். இதைப் படிச்சதும் திங்கக்கிழமை என்ன, ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்ல என்ன நடக்குது, அம்மா எங்க போயிட்டாங்கனு கேள்வி தன்னால வரும். அப்பறம் சத்தம் போடறவனை மட்டும் பாக்காதீங்க, கடைசி பெஞ்சுல சத்தமே இல்லாம இருக்கற பொண்ணையும் பாருங்க, அவளை யாரும் அனுப்பறதில்ல.

ரகசியம்னு சொன்னாங்கன்னா சரியாத்தான் சொல்லியிருக்காங்க. ஆனா உங்களுக்கு ஒரு பதிலும் தராம விட்டது தப்பு. விஷயம் என்னனு சொல்ல வேண்டியதில்ல, நீங்க என்ன பண்ணணும்னு சொல்லணும்: முன் பெஞ்சுக்கு மாத்துங்க, ஒரு மாசம் ஹோம்வொர்க் பாக்காதீங்க, எல்லார் முன்னாடியும் அப்பா பேரை இழுத்து திட்டாதீங்க. அவங்களால முடியாத கேஸுனா தாலுக்கா ஆஸ்பத்திரில மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் வர்ற நாள்ல கூட்டிட்டு போகணும், யார் கூட போறது, பஸ் காசு யார் தர்றது, அடுத்த வாரம் போனாங்களானு யார் பாக்கறதுங்கறது வரைக்கும் எழுதி வெச்சிருக்கணும். கவுன்சிலர் டாக்டர் இல்ல, மந்திரவாதியும் இல்ல.

வேலை நடக்குதா இல்லையானு பாக்க ஒரு கணக்கு சொல்றேன். மாசக் கடைசில அந்த ரூமுக்கு வந்தவங்கள்ல டீச்சர் அனுப்பி வந்தவங்க எத்தனை, தானா வந்தவங்க எத்தனைனு ரெண்டு நம்பர் மட்டும் கேளுங்க, பேர் வேண்டாம். முதல் டெர்ம்ல எல்லாம் அனுப்பி வந்ததாத்தான் இருக்கும். வருஷக் கடைசிலயும் தானா வர்றது ஒண்ணு ரெண்டுலயே நின்னா அந்த ஸ்கூல்ல ரூம் இருக்கு, புரோகிராம் இல்ல. ரிப்போர்ட்ல "இத்தனை விழிப்புணர்வு வகுப்பு நடத்தினோம்"னு எழுதறதை வெச்சு நான் எதையும் நம்பறதில்ல.

கேள்வி: பையன் பேக்ல பான் பொட்டலம் இருந்துச்சுனு டி.சி. வாங்கிட்டு போகச் சொல்றாங்க. எட்டாவதுதான் படிக்கறான். தோட்டத்துல வேலைக்கு கூட்டிட்டு போகறதுதானுங்களா வழி?
(ஒரு அப்பா, எருத்தேம்பதி)

பதில்: டி.சி. வாங்காதீங்கண்ணா, கையெழுத்தும் போடாதீங்க. எட்டாவது முடியற வரைக்கும் பிள்ளையை வெளியேத்தக் கூடாதுனு கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. தோட்டத்துக்கும் கூட்டிட்டு போகாதீங்க, 14 வயசுக்கு கீழ வேலைக்கு வெச்சா தோட்ட முதலாளி மேல கேஸு. ஹெச்.எம்.கிட்ட எழுதிக் குடுங்க, கவுன்சிலரைப் பாக்கணும், எக்சைஸ் துறையோட போதை ஒழிப்புத் திட்டம் விமுக்தில இதுக்குனே ஆள் இருக்கு, அங்க அனுப்பணும்னு. பொட்டலம் வித்த கடை ஸ்கூலுக்கு எவ்ளோ தூரத்துல இருக்குனும் அப்படியே கேளுங்க, 100 கஜத்துக்குள்ள புகையிலை விக்கக் கூடாது.

கேள்வி: நாங்க எஸ்டேட் ஸ்கூல். போன வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் அன்னைக்கு ஒரு பிள்ளை ரெண்டு நாள் வீட்டை விட்டு வெளிலயே வரலைனு ஜூன்லதான் எங்களுக்கு தெரிஞ்சுது. கவுன்சிலர் மார்ச்சோட போயிர்றாங்க. என்ன பண்ணலாம்?
(ஒரு ஆசிரியை, மூணாறு)

பதில்: ரொம்ப பேர் கவனிக்காத ஓட்டை இது. பிள்ளைகளுக்கு ஆள் ரொம்ப தேவைப்படற வாரத்துல ஸ்கூல் பூட்டியிருக்கும். லயத்துல (எஸ்டேட்ல வரிசையா ஒட்டிக் கட்டின வீடுங்க) பக்கத்து வீட்டு சுவத்துக்கு இந்தப் பக்கம் அழுதா அந்தப் பக்கம் கேக்கும், "உன் மார்க் என்ன"னு நாலு வீடு வந்து கேட்டுட்டு போகும், ஒளிய இடம் இல்ல. அதுல தோத்த பிள்ளைக்கு அப்பா அம்மா ரிட்டயர் ஆனா வீட்டைக் காலி பண்ணணும்ங்கற கவலையும் சேந்துரும், நம்மளும் கொழுந்து பறிக்கத்தான் போகணும் போலனு முடிவே பண்ணிரும்.

பரீட்சை முடியற வாரத்துலயே, பிள்ளைங்க ஸ்கூலை விட்டு போறதுக்குள்ள, பத்தாவது லிஸ்ட்டை எடுத்து டீச்சர்களுக்குள்ள பங்கு பிரிச்சுக்கங்க, ஆளுக்கு ஏழெட்டு பிள்ளைங்க வந்தா சமாளிக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு நம்பர் வாங்கி வைங்க, எஸ்டேட்ல சில டிவிஷன்ல சிக்னலே இருக்காது, அப்ப பக்கத்து கடை நம்பர், சூப்பர்வைசர் நம்பர் எதுனாலும் சரி. எந்தப் பிள்ளைக்கு பயம் அதிகம், யார் வீட்ல அடி விழும்னு மார்ச்லயே உங்களுக்கு தெரியும், அவங்களுக்கு ரிசல்ட் வர்றதுக்கு முந்தின நாளே பேசிருங்க. தோத்தா அந்த வருஷமே மறுபடி எழுதற சே எக்ஸாம் இருக்கு, எப்ப வரும், எப்படி ஃபீஸ் கட்டணும்னு அப்பவே சொல்லிருங்க. தோத்துட்டேன்னு தெரிஞ்ச நிமிஷத்துல அடுத்த பரீட்சை தேதியும் கைல இருக்கற பிள்ளை கொஞ்சம் நிதானமா இருக்கும். ரிசல்ட் அன்னைக்கு காலைல பாஸானவங்களை அப்பறம் கூப்பிடலாம், மத்தவங்களை முதல்ல. போன் எடுக்காத வீட்டுக்கு மத்தியானத்துக்குள்ள யாராவது ஒருத்தர் நேர்ல போயிரணும், யார் போறதுங்கற பேரும் அந்த லிஸ்ட்லயே இருக்கட்டும்.

கவுன்சிலரோட ஒப்பந்தம் மார்ச்ல முடியறதை மே கடைசி வரைக்கும் நீட்டச் சொல்லி எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) தீர்மானம் போட்டு துறைக்கு அனுப்புங்க. ஜனவரில அனுப்பினாத்தான் அது நகரும்.